பாதி வழியில் திரும்பிய நீர்: 2009–10இல் அட்லாண்டிக் தடுமாறிய கதை

2009 ஜூன், ஜூலை மாதங்களில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுகக் கடல் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. புயல் எதுவும் இல்லை. ஆனாலும் வடக்கே மெய்ன் முதல் தெற்கே ஃப்ளோரிடா வரை, ஓத அட்டவணையில் போட்டிருந்ததைவிடச் சுமார் 20 முதல் 60 சென்டிமீட்டர் கூடுதலாக நீர் வந்தது. கரையோரத்தில் இருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். கடலையும் வளிமண்டலத்தையும் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நோவா, இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, விடாமல் வீசிய வடகிழக்குக் காற்று. இன்னொன்று, ஃப்ளோரிடா கரையை ஒட்டி வெதுவெதுப்பான நீரை வடக்கே கொண்டுபோகும் ஃப்ளோரிடா நீரோட்டம் அந்த வாரங்களில் வலுவிழந்திருந்தது.

ஆறு மாதம் கழித்து, 2010 ஜனவரி 7 அன்று நாசாவின் டெரா செயற்கைக்கோள் எடுத்த படத்தில் பிரிட்டன் தீவு கிட்டத்தட்ட முனை முதல் முனை வரை வெள்ளையாகக் கிடக்கிறது. அந்தக் குளிர்காலம் அங்கே 30 ஆண்டுகளில் காணாத குளிர். சரி, ஒரு மோசமான குளிர்காலம் என்று விட்டுவிடலாம் என்றால், அதே ஆண்டு டிசம்பரில் அது திரும்பவும் வந்தது. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவேடு 1659 முதல் இருக்கிறது. அதில் 1890க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் கிடையாது. மாதச் சராசரியே பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டது.

உயர்ந்து நின்ற கடல், ஒரு பனிக்காலம், அடுத்தும் ஒரு பனிக்காலம். இவை நடந்தபோது யாரும் மூன்றையும் ஒரே நூலில் கோக்கவில்லை. நூல் கடலுக்கடியில் இருந்தது. அதை எடுத்துவரக் கப்பல் போக வேண்டியிருந்தது.

ரயில் சக்கரமும் தொலைபேசிக் கம்பியும்

அட்லாண்டிக்கின் மேல்பகுதியில் வெதுவெதுப்பான நீர் வடக்கே போகிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கம் போய்க் குளிர்ந்து கனத்து மூழ்குகிறது. பிறகு ஆழத்தில் தெற்கே திரும்புகிறது. ஆய்வாளர்கள் இதன் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘ஏமாக்’ என்பார்கள். இங்கே மேல்-கீழ்ச் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம்.

இதை எப்படி அளப்பது என்பதுதான் நீண்ட காலத் தலைவலி. 2005இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தச் சுழற்சி 30 சதவீதம் குறைந்துவிட்டது என்றது. அதற்கு ஆதாரம், 1957 முதல் 2004 வரை கப்பல்கள் ஐந்து முறை கடலைக் குறுக்கே கடந்து எடுத்த அளவீடுகள். ஏறத்தாழ 50 ஆண்டுக்கு ஐந்தே புள்ளிகள்! அதற்குள் 2004இல் ரேபிட் என்ற திட்டத்தின் கீழ், 26.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் பஹாமாஸ் தொடங்கி ஆப்பிரிக்கக் கரை வரை கருவிகளை இறக்கியிருந்தார்கள். முதல் ஆண்டுத் தரவு வந்ததும் அந்த ஐந்து புள்ளிகளின் நிலைமை தெரிந்துவிட்டது. சுழற்சி ஒரே ஆண்டுக்குள் 4 ஸ்வெர்ட்ரப்புக்கும் 35 ஸ்வெர்ட்ரப்புக்கும் இடையே ஏறி இறங்கியிருந்தது. ஒரு ஸ்வெர்ட்ரப் என்றால் நொடிக்கு 10 லட்சம் கன மீட்டர் நீர். உலகின் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவதே ஒரு ஸ்வெர்ட்ரப்பைச் சற்றுத்தான் தாண்டும். இப்படித் துள்ளுகிற ஒன்றை ஐந்து முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குறைந்துவிட்டது என்று சொன்னால் எப்படி நிற்கும்?

அளக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆழ்கடலில் ஒரு நீண்ட கம்பி நட்டுக்குத்தலாக நிற்கிறது. அடியில் பாரத்துக்கு ஏதாவது கனமான இரும்பு. கழித்துப்போட்ட ரயில் சக்கரங்களே இதற்குப் பெரும்பாலும் பயன்படும். மேலே மிதவைகள். நடுவில், மணி கோத்ததுபோல, வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அழுத்தத்தையும் பதியும் கருவிகள். இவை நேரடியாக நீரோட்டத்தை அளப்பதில்லை. கடலின் மேற்கு ஓரத்திலும் கிழக்கு ஓரத்திலும் நீரின் அடர்த்தி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பூமி சுழல்வதால், இரண்டு ஓரங்களின் அடர்த்தி வேறுபாடு தெரிந்தால் இடையில் எந்த ஆழத்தில் எவ்வளவு நீர் வடக்கிலோ தெற்கிலோ போகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவில் உள்ள குறுகிய நீரிணைக்கு வேறு ஏற்பாடு. அங்கே கடலடியில் கிடக்கும் ஒரு தொலைபேசிக் கம்பி 1982 முதல் நாற்பது ஆண்டுக்கு மேல் நீரோட்டமானியாகவும் வேலை செய்திருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அது பூமியின் காந்தப்புலத்தின் ஊடே ஓடும்போது சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தத்தைக் கம்பியில் படித்தால், மேலே எவ்வளவு நீர் ஓடுகிறது என்று நாள்தோறும் தெரியும். 1832இல் ஃபாரடே இதையே தேம்ஸ் ஆற்றில் வாட்டர்லூ பாலத்திலிருந்து செம்புத் தகடுகளைத் தொங்கவிட்டுப் பார்த்துத் தோற்றார். யோசனை சரிதான், ஆறுதான் போதவில்லை.

கம்பி சொல்வது தினமும் வந்துவிடும். ஆழ்கடல் கருவிகள் சொல்வது அப்படி வராது. கப்பல் அந்த இடத்துக்குப் போய் ஒலிச் சமிக்ஞை அனுப்ப வேண்டும். அடியில் உள்ள கொக்கி அவிழ்ந்து, இரும்பைக் கீழேயே விட்டுவிட்டு, கருவிகள் மிதந்து மேலே வரும். இதற்கு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ ஆகும். அதனால்தான் பிரிட்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, அதே கடலில் என்ன நடக்கிறது என்று அளந்தவர்களுக்கே தெரியவில்லை.

என்ன குறைந்தது

2004 ஏப்ரல் முதல் 2009 மார்ச் வரை சுழற்சியின் சராசரி 18.5 ஸ்வெர்ட்ரப். நாளுக்கு நாள் எவ்வளவு துள்ளினாலும், ஆண்டுச் சராசரி என்று பார்த்தால் ஒரு ஸ்வெர்ட்ரப்புக்கு மேல் பெரிதாக விலகவில்லை. 2009 ஏப்ரல் முதல் 2010 மார்ச் வரையிலான சராசரி 12.8. ஏறக்குறைய 30 சதவீதச் சரிவு. இந்த முறை இது ஐந்து புள்ளிகளை இணைத்த கோடு கிடையாது, தொடர்ந்து எடுத்த அளவு. 2009 தொடக்கத்தில் ஆரம்பித்து 2010 நடுப்பகுதி வரை நீடித்தது.

எனக்கு இந்த நிகழ்வில் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருவது. 30 சதவீதம் குறைந்தது என்றதும் வளைகுடா நீரோட்டம், அதாவது ஃப்ளோரிடா நீரோட்டம் அமெரிக்கக் கரையோரமாக வடக்கே தொடரும் ஓட்டம், அவ்வளவு குறைந்தது என்றுதான் தோன்றும். அப்படி நடக்கவில்லை. ஃப்ளோரிடா நீரிணை வழியாக வடக்கே போகும் நீர் சாதாரணமாகச் சுமார் 32 ஸ்வெர்ட்ரப். முன்பு சொன்னபடி கோடையில் சில வாரம் தளர்ந்தாலும், ஆண்டுக் கணக்கில் அதில் பெரிய மாற்றம் இல்லை. மாறியது திரும்பி வந்த பாதை.

கணக்கு இப்படி. வடக்கே போகிற 32இல் பாதிக்கு மேல், மேல் 1,100 மீட்டருக்குள்ளேயே கிழக்கே வளைந்து தெற்கே திரும்பிவிடும். அது காற்று ஓட்டும் பெரிய வட்டம். மீதிதான் வடக்கே கடைசிவரை போய், மூழ்கி, ஆழத்தில் திரும்பும். 2009–10இல் மேல்தளத்திலேயே திரும்பிய நீர் கூடியது. 3,000 முதல் 5,000 மீட்டர் ஆழத்தில் தெற்கே போகும் குளிர்நீர் குறைந்தது. பேருந்துகள் பணிமனையிலிருந்து வழக்கமான எண்ணிக்கையில் புறப்பட்டன, ஆனால் பல கடைசி நிறுத்தம் வரை போகாமல் பாதியிலேயே திருப்பிக்கொண்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பணிமனை வாசலில் நின்று எண்ணுபவருக்கு ஒன்றும் தெரியாது.

திரும்பும் ஆழம் ஏன் முக்கியம் என்றால், வெப்பம் அங்கேதான் இருக்கிறது. மேல்தளத்தில் போய் மேல்தளத்திலேயே திரும்பும் நீர், கொண்டுபோன சூட்டில் பெரும்பகுதியைத் திரும்பவும் எடுத்து வந்துவிடும். ஆழத்தில் திரும்பும் நீர் 2, 3 டிகிரிதான் இருக்கும். அதாவது சுமையை வடக்கே இறக்கிவிட்டு வந்த நீர். இந்த அட்சரேகையைக் கடந்து வடக்கே போகும் வெப்பம் சாதாரணமாக 1.3 பெட்டாவாட் (ஒரு பெட்டாவாட் என்றால் ஆயிரம் லட்சம் கோடி வாட்). அந்த மாதங்களில் அதில் ஏறக்குறைய 0.4 குறைந்தது. எண்ணாகப் பார்த்தால் சிறிதாகத் தெரியும். மனிதர்கள் உலகம் முழுவதும் எரிக்கும் எண்ணெய், நிலக்கரி, எரிவாயு, மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதன் இருபதில் ஒரு பங்குகூட வராது.

விளைவு நேராகவே தெரிந்தது. 26 டிகிரிக்கு வடக்கே கடலின் மேற்பகுதி குளிர்ந்தது. தெற்கே வெப்பம் தேங்கியது.

காற்றா, கடலா?

இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது. வட அட்லாண்டிக்கில் ஐஸ்லாந்துப் பக்கம் காற்றழுத்தம் தாழ்ந்தும், போர்ச்சுகலுக்கு மேற்கே உள்ள அசோரஸ் தீவுகள் பக்கம் உயர்ந்தும் இருப்பது வழக்கம். அந்த இடைவெளிதான் மேலைக்காற்றை ஐரோப்பாவுக்குள் தள்ளி, கடலின் மிதமான வெப்பத்தை அங்கே கொண்டுசேர்க்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை வட அட்லாண்டிக் அலைவு என்பார்கள். 2009–10 குளிர்காலத்தில் இடைவெளி சுருங்கிச் சரிந்தது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் பதிவில் அந்த அளவுக்குச் சரிந்த குளிர்காலம் வேறில்லை. மேலைக்காற்று அடைபட, வடதுருவக் காற்று ஐரோப்பாவுக்குள் இறங்கியது.

ஆக முதல் பனிக்காலத்துக்கு நேரடிக் குற்றவாளி காற்று. காற்றே கடலையும் தடுமாறவைத்தது. வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும்போது, பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றுத் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது வடக்கே நகரும். அந்தக் குளிர்காலத்தில் காற்று நிலைமாறியதால் இந்தத் தள்ளல் தெற்கே திரும்பியது. ஆனால் சரிவு அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிட்டதே? அந்தக் குளிர்காலக் காற்றை மட்டும் வைத்து முழுக் கணக்கையும் முடிக்க முடியவில்லை. அடர்த்தி வேறுபாட்டால் ஓடும் பகுதியும் மாறியிருந்தது. வளிமண்டல நிலையை உள்ளீடாகக் கொடுத்து ஓட்டிய கணினி மாதிரிகள் சரிவின் பெரும்பகுதியைத் திரும்பக் காட்டின. அதை வைத்துத் தொடக்கம் காற்றின் பக்கம் என்றே நானும் எடுத்துக்கொள்கிறேன். உருகிய பனிநீர் வந்து சுழற்சியை அமுக்கியது என்பதற்கு இந்த நிகழ்வில் சாட்சி இல்லை.

ஆனால் இரண்டாவது பனிக்காலத்தைக் காற்றின் தலையில் மட்டும் கட்ட முடியாது. குளிர்காலத்தில் கடலின் மேல் சில நூறு மீட்டர் நீர் காற்றால் நன்றாகக் கலக்கப்பட்டுவிடும். அந்தச் சமயத்தில் பதிந்த குளிர்ச்சி அவ்வளவு ஆழத்துக்கும் இறங்கும். கோடை வந்ததும் மேலே ஒரு மெல்லிய சூடான அடுக்கு போர்வைபோல் மூடிக்கொள்ளும். மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றும். கீழே பழைய குளிர் அப்படியே படுத்திருக்கும். அடுத்த இலையுதிர்காலத்தில் காற்று மீண்டும் கலக்கும்போது போர்வை கிழிந்து அது மேலே வரும். 2010 கடைசியில் நடந்தது இதுதான். சென்ற குளிர்காலத்தின் வெப்ப அமைப்பு, ஓரிடத்தில் குளிர்ந்தும் அதன் பக்கத்தில் சூடாகவும், கிட்டத்தட்ட அதே வடிவத்தில் மேற்பரப்பில் தோன்றியது. அந்த வடிவம் காற்றழுத்தத்தை மறுபடி அதே சரிவுக்குத் தள்ள உதவியது என்று மாதிரி ஆய்வுகள் சொல்கின்றன. முதலில் காற்று கடலைத் தள்ளியது. கடல் அதை வாங்கி வைத்திருந்து, பத்து மாதம் கழித்துக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்தது.

கரை ஏன் உயர்ந்தது

ஓடுகிற கடல்நீர் மட்டமாக இருப்பதில்லை. வளைகுடா நீரோட்டத்தின் வலக்கரையில், அதாவது நடுக்கடல் பக்கம், நீர் மட்டம் இடக்கரையைவிடச் சுமார் ஒரு மீட்டர் உயரம். பூமியின் சுழற்சி நீரை வலப்பக்கம் ஒதுக்க, அந்தச் சாய்வோடுதான் ஓட்டம் சமநிலையில் இருக்கிறது. அமெரிக்கக் கரை இடப்பக்கம், தாழ்ந்த பக்கம். சுழற்சி தளர்ந்தால் சாய்வும் தளரும், இடப்பக்கம் ஏறும். எங்கிருந்தும் புது நீர் வரத் தேவையில்லை.

நியூயார்க்குக்கு வடக்கே உள்ள கரையில் 2009–10இல் கடல்மட்டம் 128 மில்லிமீட்டர் எழுந்தது. அந்த அளவு உயர்வு 850 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கது என்று பின்னர் கணித்தார்கள். உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3, 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஏறுகிறது. அந்த வேகத்தில் 30 ஆண்டுக்கு மேல் ஆகவேண்டியதை இந்தக் கரை இரண்டே ஆண்டில் பார்த்துவிட்டது. நீரோட்டம் மாறினால் ஐரோப்பா உறையும் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். கரையோர ஊர்களுக்குள் நீர் வருவது இன்னும் சீக்கிரமாகவும் சத்தமில்லாமலும் நடக்கக்கூடியது என்பதை இந்த எண் காட்டுகிறது.

வடக்கே போகாத வெப்பம் எங்கே போனது? 2010இல் வெப்பமண்டல வட அட்லாண்டிக் வழக்கத்துக்கு மிக மேலாகச் சூடாக இருந்தது. அந்தப் பருவத்தில் பெயரிடப்பட்ட புயல்கள் 19. அமேசானில் கடும் வறட்சி. பிரேசிலின் மனாவ்ஸ் நகரில் ரியோ நெக்ரோ ஆறு ஒரு நூற்றாண்டுப் பதிவில் இல்லாத அளவு தாழ்ந்தது. இவற்றுக்கும் சூடான அட்லாண்டிக்குக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அந்தச் சூட்டை முழுக்கச் சுழற்சியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவும் வலுவிழந்த வியாபாரக் காற்றும் அப்போது சேர்ந்தே இருந்தன. அதே குளிர்காலத்தில் வான்கூவர் ஒலிம்பிக்குக்கு ஹெலிகாப்டரில் பனி கொண்டுவந்து கொட்டினார்கள், கிரீன்லாந்து அடுத்த கோடையில் அதுவரை இல்லாத அளவு உருகியது. உலகச் சராசரியில் 2010 அதுவரையிலான மிகச் சூடான ஆண்டுகளில் ஒன்று. லண்டனில் நின்று பனியைப் பார்த்தவருக்கு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

பெரிய தடுமாற்றம் என்றால்

14 மாதம், 30 சதவீதம், தானாகவே மீட்சி. இதைவிடப் பெரிதாக, நூறாண்டுக் கணக்கில் நீடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடந்த காலத்தில்தான் தேட வேண்டும். சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்கப் பனிப்பாளத்தின் ஓரத்தில் தேங்கியிருந்த அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி உடைத்துக்கொண்டு ஹட்சன் விரிகுடா வழியாகக் கடலில் கொட்டியது. நன்னீர் லேசானது, மேலே பரவினால் கடல்நீர் கனத்து மூழ்குவது தடைபடும். கிரீன்லாந்துப் பனியில் அந்தக் காலத்துக்குச் சுமார் 3 டிகிரிக் குளிர்ச்சி பதிவாகியிருக்கிறது, அது ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. அதே சமயம், ஓமானில் குகைத் தரையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புப் படிவுகள் பருவமழை குறைந்ததைக் காட்டுகின்றன. வட அரைக்கோளம் குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்ந்துவிடும். மூழ்குவது நின்ற இடம் லாப்ரடாரோ கிரீன்லாந்தோ, தாகமெடுப்பது அரபிக்கடல் கரையில்.

இன்று அப்படி ஓர் ஏரி இல்லை. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சுமார் 270 கோடி லாரிச் சுமை, லாரிக்கு நூறு டன் என்றால், பனியை இழக்கிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஸ்வெர்ட்ரப்பில் சொன்னால் 0.01க்கும் குறைவு. மாதிரிகளில் சுழற்சியைத் தடுமாறவைக்க வழக்கமாக ஊற்றிப் பார்ப்பது அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும். அதனால் உருகுநீர் மட்டும் இன்றைக்கே சுழற்சியை நிறுத்திவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மேல்நீர் சூடாவதும், வடக்கே மழை கூடுவதும் இதோடு சேரும்போது கணக்கு வேறு.

அறிவியலாளர்களே இதில் இரண்டு பக்கம். 2021இல் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி, இந்த நூற்றாண்டில் சுழற்சி வலுவிழக்க மிக அதிக வாய்ப்பு உண்டு, 2100க்கு முன் திடீரென விழாது என்று நடுத்தர நம்பிக்கையோடு சொல்லலாம் என்றது. 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள், நன்னீரை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே 1,700 ஆண்டுகளுக்கு மேல் மாதிரியை ஓட்டிக் கடைசியில் சுழற்சி விழுவதைக் காட்டினார்கள். அதில் ஐரோப்பிய நகரங்கள் சில 5 முதல் 15 டிகிரி குளிர்ந்தன. அந்த அக்டோபரில் 44 அறிவியலாளர்கள் வட ஐரோப்பிய நாடுகளின் நார்டிக் அமைச்சர்கள் மன்றத்துக்கு, இந்த ஆபத்து குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று எழுதினார்கள். 2025இல் வந்த இன்னோர் ஆய்வு 34 மாதிரிகளை மிகக் கடுமையான நிலைகளுக்கு உட்படுத்திப் பார்த்தது; தென்முனைக் கடலின் காற்று ஆழ்நீரை மேலே இழுத்துக்கொண்டே இருப்பதால் சுழற்சி பலவீனமாகிறதே தவிர முற்றிலும் நிற்கவில்லை என்றது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்வது பலவீனமாகும் என்பதை. 2009–10 நமக்குக் காட்டியதும் பலவீனம்தான். அதற்கே இவ்வளவு.

சரிவுக்குப் பிறகு சுழற்சி மீண்டது, ஆனால் பழைய 18.5க்கு முழுதாகத் திரும்பவில்லை. இருபது ஆண்டுச் சராசரி இப்போது 17 ஸ்வெர்ட்ரப்பை ஒட்டி இருக்கிறது. இது சரிவின் தொடக்கமா, நீண்ட அலையின் தாழ்வான பகுதியா என்று பிரிக்க இருபது ஆண்டு போதாது. அளப்பதிலேயே பொறிகள் உண்டு. அந்தத் தொலைபேசிக் கம்பி ஃப்ளோரிடா நீரோட்டமும் மெல்லக் குறைவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. 2024இல் பார்த்தால், மாறியது பூமியின் காந்தப்புலம். அதைத் திருத்தியதும் நீரோட்டம் 40 ஆண்டுகளாக ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பணிமனை வாசலில் இன்றும் பேருந்துகள் சரியாகத்தான் புறப்படுகின்றன.

எத்தனை பாதியில் திரும்புகின்றன என்பது ஆழ்கடல் கம்பிகளில்தான் பதிவாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த கப்பல் போய், சமிக்ஞை அனுப்பி, கொக்கி அவிழும்வரை அதில் பெரும்பகுதி அங்கேயே கிடக்கும்.